கறுக்காது, சிவக்கும்

மே 12, திங்கள்

சிவகாசியிலிருந்து பாக்கெட்டுக்குப் புதுக் கவர் வந்து இறங்கியது. பச்சை இந்தத் தடவையும் மாறிவிட்டது. போன முறை வேப்பிலைப் பச்சை, இந்த முறை கிளிப்பச்சை. எத்தனை தடவை சொன்னாலும் பிரஸ்காரன் மெஷினில் என்ன மை கிடக்கிறதோ அதைத்தான் ஊற்றுவான். படம் மட்டும் பழுதில்லை. ஐந்தருவியைப் பார்த்து என் பெண்டாட்டி வள்ளி நிற்கிறாள். முதுகு தெரிகிறது, இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி தெரிகிறது. அடியில், ‘வள்ளி மருதாணி – கெமிக்கல் இல்லாத கறுப்பு’. எட்டு வருஷமாக இதே படம், இதே வாசகம்.

எனக்குத் தலையில் ஒன்றும் இல்லை. முப்பது வயதிலேயே போய்விட்டது. முதல் சீசனில் குற்றாலத்தில் கடை போட்டபோது பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ‘ஏ அண்ணாச்சி, மொதல்ல உம்ம தலையில முளைக்க வையும், பெறகு கறுக்க வைக்கலாம்.’ நான் சிரித்துக்கொண்டே வள்ளியைக் கூட்டி வந்து கடை வாசலில் உட்கார வைத்தேன். அருவியில் குளித்துவிட்டு வந்து முடியை விரித்துக் காய வைப்பாள். அவ்வளவுதான். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

மற்றவனெல்லாம் மருதாணி ஒரு பாக்கெட், கறுப்புக்கு அவுரி ஒரு பாக்கெட் என்று இரண்டாக விற்கிறான். முதலில் இதைப் பூசிக் கழுவு, பிறகு அதைப் பூசிக் கழுவு. யாருக்கு இரண்டு தடவை தலை கழுவப் பொறுமை இருக்கிறது? நான் இரண்டையும் சேர்த்து அரைத்து ஒரே பாக்கெட் ஆக்கினேன். ராத்திரி இரும்புச் சட்டியில் டீத் தண்ணியும் எலுமிச்சம்பழமும் விட்டுக் கரைத்து வை, காலையில் பூசு, முடிந்தது. என் மூளையில் உதித்தது. அருவிக்கரையில் தட்டில் வைத்துச் சீயக்காய் விற்றவனுக்கு இந்த மூளை போதும்.

சிவப்பாக வந்துவிட்டது என்று சிலர் வருவார்கள். சட்டி இரும்பா எவர்சில்வரா என்று கேட்பேன். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பா என்று கேட்பேன். அப்புறம் வள்ளியைத் திரும்பி உட்காரச் சொல்வேன். பேச்சு முடிந்தது.

கேரளாவில் தென்மலைப் பக்கம் ஒரு பெரிய ரிசார்ட். எண்ணெய்க் குளியல், மசாஜ் எல்லாம் அங்கே உண்டு. அதை நடத்தும் மேடம் மொத்தமாகப் பொடி வாங்குவது பற்றிப் பேச ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை வருகிறார். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ‘பாக்கெட்டில உள்ள சேச்சிய நேரில் காணணும்.’ காட்டிவிடலாம். என்ன கஷ்டம்?

மே 19, திங்கள்

வள்ளி சுரண்டை போய்வந்தாள். அவள் தங்கை உமாராணி அங்கே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை வள்ளி கடையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவாள். உமாராணி கையால் பூசி, அங்கேயே குளித்து, நாலு மணி பஸ்ஸில் ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து இறங்குவாள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாமல் மெத்தென்று இருக்கும் என்பாள். இருக்கட்டும்.

மே 21, புதன்

காலையில் வள்ளி எழுந்திருக்கவில்லை. எழுப்பப் போனேன். திரும்பினாள்.

கண் இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்தான் இருக்கிறது. நெற்றி புடைத்து, காது தடித்து, மயிரோரமெல்லாம் நீர் கசிகிறது. ‘இங்கேருங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு’ என்று குரல் மட்டும் அவளுடையதாக வந்தது. முகம் வேறு யாருடையதோ.

முப்பது வருஷம் கூட இருந்தவளைப் பார்த்துப் பயந்து ஒரு அடி பின்னால் போனேன். அதை அவள் பார்த்திருக்க முடியாது. பார்க்கவில்லைதானே?

ஆட்டோ பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரி. ஊசி போட்டு, பெட்டில் சேர்த்தார்கள்.

மே 22, வியாழன்

டாக்டரம்மா சின்னப் பெண். வள்ளியின் வகிட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘தலைக்கு என்ன டை போடுறீங்கம்மா?’ என்றாள்.

வள்ளி வாய் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். ‘டையா? எங்க வீட்டிலயா? டாக்டரம்மா, வள்ளி மருதாணின்னு கேள்விப்பட்டிருப்பியளே, அது நாமதான். அந்தப் படத்தில இருக்கதே இவதான்.’

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘ஐயா, இயற்கைன்னு எழுதியிருக்கிற பாக்கெட்லயே கறுப்பு வரணும்னு கெமிக்கல் கலந்துடுறாங்க. இது அந்த வீக்கம்தான். உங்களுக்கே தெரியாம யாராவது கலந்திருக்கலாம்.’

என் பாக்கெட்டிலா?

‘இன்னொரு தடவை அதே கெமிக்கல் பட்டா முகத்தோட நிக்காது. தொண்டை வீங்கும், மூச்சு முட்டும். விளையாட்டு இல்ல. புரியுதா?’

எனக்குப் புரிந்தது. வள்ளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாள். வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டேன்.

மே 23, வெள்ளி

என் இலையை அரைப்பது ஒரே ஆள்தான். மேலகரத்தில் மில் வைத்திருக்கும் பரீது. பதினெட்டு வருஷப் பழக்கம், சீயக்காய் காலத்திலிருந்து. இலையும் அவர்தான் பார்த்து வாங்குவார். வேறு யார் கலந்திருக்க முடியும்?

மில் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை நானே அணைத்தேன்.

‘என்ன கலந்தீரு ஓய்?’

‘என்னத்தக் கலக்க?’

‘கறுக்கதுக்கு. எவன் வித்தான் உமக்கு? எம் பொண்டாட்டி கண்ணத் தெறக்க முடியாம ஆஸ்பத்திரில கெடக்கா.’

அவர் முகம் வெளுத்துவிட்டது. ‘வள்ளித் தங்கச்சிக்கா? என்ன ஆச்சு?’ என்று பக்கத்தில் வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மில்லில் கூலிக்கு நிற்கிற பெண்கள் முன்னால் பேசினேன். அவர் பிள்ளைகளை இழுத்துப் பேசினேன்.

கடைசியில் அவர் தன் தாடியைக் கையில் பிடித்துக் காட்டினார். ‘இதப் பாரும். உம்ம பொடி அரைச்சி முடிச்சதும் சல்லடையில மிஞ்சுதத்தான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதுக்குப் பூசுதேன். வெசத்தையா ஓய் எம் மொகத்துல பூசுவேன்?’

தாடி பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

‘இப்பப் பேசுனத நான் கேக்கல அண்ணாச்சி. போயி ஆஸ்பத்திரில இரும்’ என்று பின்னால் குரல் வந்தது.

மே 25, ஞாயிறு

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை — எங்கெங்கே பாக்கெட் போட்டிருந்தேனோ எல்லாக் கடையிலிருந்தும் எடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். கவர் அச்சு சரியில்லை என்றேன்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. மெயின் அருவியில் கூட்டம் நெருக்குகிறது. என் கடையில் காலி அலமாரி. கடையைப் பார்த்துக்கொள்ளும் எப்சிபா தூசி தட்டிக்கொண்டே கேட்டாள். ‘அண்ணாச்சி, எட்டு வருசத்தில வேற ஒரு ஆளுக்குக் கூட மொகம் வீங்கலியே. அக்காவுக்கு மட்டும் எப்பிடி?’

‘உன் வேலையப் பாரு’ என்றேன். பதில் இல்லாத கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் அது.

மே 28, புதன்

மதுரையில் ஒரு லேபுக்குப் பத்து பாக்கெட் அனுப்பினேன். வெவ்வேறு மூட்டையிலிருந்து.

ஜூன் 2, திங்கள்

வள்ளி வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் வடிந்து தோல் உரிகிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. துண்டை அவிழ்ப்பதே இல்லை. நான் எண்ணெய் தடவி விடுகிறேன் என்றேன். ‘பாக்காதீங்க’ என்றாள். முப்பது வருஷத்தில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஜூன் 9, திங்கள்

லேப் ரிப்போர்ட் வந்தது. மூன்று தடவை படித்தேன். புரியாமல் மருந்துக் கடைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பத்துப் பாக்கெட்டிலும் இலை மட்டும்தான். கெமிக்கல் எதுவும் இல்லை.

இல்லை!

பரீது எதுவும் கலக்கவில்லை. நான் என்ன மனுஷன்? அவர் பிள்ளைகளைப் பற்றி என்ன பேசினேன்? இன்றைக்கே போயிருக்க வேண்டும். மேலகரம் திருப்பம் வரை போய் வண்டியைத் திருப்பிவிட்டேன். எந்த முகத்தோடு போய் நிற்பது?

அப்படியானால் வள்ளிக்கு என்ன ஆனது? ஏதாவது பூச்சி கடித்திருக்கும். சாப்பாடு சேராமல் போயிருக்கும். டாக்டர்கள் எல்லாவற்றையும் கெமிக்கல் என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வருகிறார். வள்ளி வகிட்டில் விரல் அகலத்துக்கு வெள்ளை எட்டிப் பார்க்கிறது. ‘நம்ம பொடி சுத்தம்னு எழுதியே கொடுத்துட்டான் வள்ளி. வியாழக்கெழம சுரண்டைக்குப் போயி எப்பவும் போலப் போட்டுட்டு வந்துரு’ என்றேன்.

‘போட்டுத்தான் ஆவணுமா?’

‘பின்ன? அவ ஒன் தலையப் பாக்கத்தானே வாரா.’

தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சரி என்றாள்.

ஜூன் 11, புதன்

மனசு கேட்கவில்லை. லேபு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவளுக்கு முன்னால் நான் பூசிப் பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன். வீங்கினால் என் முகம் வீங்கட்டும். ஆனால் தலையில் முடி இல்லை, மீசையும் வைத்துக்கொள்வதில்லை. மிச்சம் நெஞ்சு. அங்கே நரைத்த முடி தாராளமாக இருக்கிறது.

நேற்று பொழுது சாயும்போதே இரும்புச் சட்டியில் கரைத்து வைத்தேன், பாக்கெட்டில் போட்டிருக்கிற மாதிரியே, ஒரு சொட்டுக் கூடக் குறைக்காமல். காலையில் வள்ளி கோயிலுக்குப் போன நேரம் நெஞ்சில் அப்பி, மேலே செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். எட்டு வருஷம் விற்ற சரக்கு. இன்றைக்குத்தான் முதல் தடவை என் மேல் பூசிக்கொண்டேன்.

கழுவினேன். வீக்கம் இல்லை, அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. அப்பாடா.

நிறம் ஆரஞ்சாக இருந்தது. அது சரிதான், ஒரு நாள் ஆகும் கறுக்க. வாங்குகிறவர்களிடம் நான் சொல்வதுதானே.

ஜூன் 12, வியாழன்

எழுத்து எப்படி விழுகிறதோ விழட்டும்.

காலையில் வள்ளியை சுரண்டை பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். பையில் பாக்கெட்டை நானே வைத்தேன். நானே.

பதினோரு மணிக்குக் கடையில் புழுக்கம். சட்டைப் பொத்தானைத் திறந்து விசிறிக்கொண்டிருந்தேன். எப்சிபா ஏறிட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ‘என்ன அண்ணாச்சி, நெஞ்சுல செங்கல்லக் கரச்சி ஊத்துனியளா?’

குனிந்து பார்த்தேன். ஒரு நாள் முழுதாக ஆகிவிட்டது. கறுக்கவில்லை. செங்கல் சிவப்பு. ஒரு மயிர் கூடக் கறுப்பில்லை.

‘இது நம்ம பொடி’ என்றேன்.

‘நம்ம பொடிதான். நம்ம பொடி இப்பிடித்தானே வரும்’ என்றாள் எப்சிபா, நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

‘ஏட்டி, என்ன சொல்லுத?’

அவள் பயந்துவிட்டாள். ஆனாலும் சொன்னாள். ‘கோவப்படாதிய அண்ணாச்சி. கறுப்பு வேணுமின்னு வாங்குதவிய ஒரு தடவதான் வாங்குவாவ. திரும்பத் திரும்ப வாராவல்லா, புனலூர் டீச்சர், கடையம் நர்சம்மா, அவியெல்லாம் செவப்புக்குத்தான் வாங்குதாவ. இந்தச் செவப்பு வேற பாக்கெட்டுல வரலைங்காவ. ஒங்ககிட்ட யாரு சொல்லுவா? சொன்னா சட்டி இரும்பான்னு கேப்பிய.’

நான் நின்றுகொண்டிருந்தேன். பரீது தாடி ஞாபகம் வந்தது. பழுத்த மிளகாய். என் பொடி. வாரா வாரம். அத்தனை பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன், அவரைத் திட்டிக்கொண்டே.

அப்படியென்றால் வள்ளி தலை எப்படிக் கறுத்தது?

அந்தக் கேள்வி முழுசாக வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். உமாராணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வள்ளியும் எடுக்கவில்லை. தென்காசி தாண்டி, அப்புறம் சுரண்டை வரைக்கும் எந்த வழியில் போனேன், எதிரே என்ன வந்தது, ஒன்றும் நினைவில்லை. தொண்டை வீங்கும், மூச்சு முட்டும். டாக்டரம்மா குரல் மட்டும் கூடவே வந்தது. இப்போது பூசியிருப்பாள். இப்போது கழுவிக்கொண்டிருப்பாள். நான்தானே போகச் சொன்னேன்.

பார்லர் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். நாற்காலியில் வள்ளி, கழுத்தைச் சுற்றித் துணி. உமாராணி சுவரோரம் ஒரு கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கிண்ணத்தில் மை மாதிரிக் கறுப்பு.

‘போட்டுட்டியா?’ என்று கத்தினேன்.

‘இல்ல அத்தான்.’ உமாராணி அழுதாள். ‘போட மாட்டேங்கேன், கேக்க மாட்டேங்கா. காதுக்குப் பொறத்தால ஒரு பொட்டு வச்சி ரெண்டு மணி நேரம் பாப்போம், ஒண்ணுமில்லேன்னா போடுதேன்னு சொல்லி இழுத்துக்கிட்டு இருக்கேன். இங்கன வந்து பாருங்க.’

காதின் பின்னால் ஒரு பொட்டுதான். அதைச் சுற்றிக் காது மடல் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. வள்ளி அதைக் கையால் மூடினாள்.

‘மாத்தர போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஒண்ணும் ஆவாது. ஞாயித்துக்கெழம அவிய வாராவல்லா, நீங்கதான் சொன்னிய.’

‘நான் சொன்னேன்னா செத்துருவியாட்டி?’

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உமாராணி கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாள். திரும்பி வந்து, ‘எல்லாம் தெரிஞ்சாச்சு, இதையும் பாத்திருங்க’ என்று கண்ணாடிக்குப் பக்கத்து அலமாரியின் திரையை விலக்கினாள்.

அடுக்கடுக்காக என் பாக்கெட். ஒன்று கூடப் பிரிக்கவில்லை. மாதம் ஒன்று, எட்டு வருஷம். கரும்பச்சை, பாசிப்பச்சை, வேப்பிலைப் பச்சை, மேலே இன்றைக்கு நான் வைத்தனுப்பிய கிளிப்பச்சை. பிரஸ்காரன் மாற்றி மாற்றி அடித்த பச்சை எல்லாம் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் வள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

‘அக்கா படம் போட்டது. குப்பையில போட மனசு வரல அத்தான்.’

ஜூன் 13, வெள்ளி

காலையில் அவள் வைத்த டீயை நான் தொடவில்லை.

நேற்றிருந்த பயம் போய் இன்றைக்குக் கோபம்தான் இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்? ஊரில் எவனாலும் என்னை ஏமாற்ற முடிந்ததில்லை. எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தே குறை சொல்பவன் நான். ஒரு தலையைப் பார்த்தால் இது டை, இது அவுரி என்று அருவிக்கரையில் நின்றே சொல்வேன். வீட்டில் இருக்கும் தலையை ஒரு நாளும் அப்படிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மத்தியானம் சோறு போடும்போது அவளாகவே சொன்னாள், தட்டைப் பார்த்துக்கொண்டு.

‘மொத தடவ நீங்களேதான் கரச்சி, நீங்களேதான் பூசி விட்டிய. போட்டோக்காரரக் கூட்டிட்டு வாரேன்னு போனிய. கழுவிட்டுக் கண்ணாடியப் பாத்தா, பழுக்காப்பாக்கு மாதிரி செவந்து போய் நிக்கேன். சீயக்கா யாவாரத்த விட்டாச்சு, கவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. என்ன செய்ய? பக்கத்துக் கடையில ஒரு கறுப்பு டை வாங்கிப் பூசிட்டு வந்து நின்னேன். நீங்க பாத்துட்டு அழுதிய. ஒங்கப்பா செத்ததுக்குக் கூட அழல. அதுக்குப் பெறகு எப்பிடிச் சொல்ல?’

‘அன்னைக்கே சொல்லியிருந்தா மாத்தி அரைச்சிருப்பேம்லா.’

‘ஒங்ககிட்டயா? நீங்க மாத்துவியளா?’

மாற்றியிருக்க மாட்டேன். சட்டி இரும்பா என்று கேட்டிருப்பேன்.

ஜூன் 14, சனி

காலையில் ஒரு யோசனை வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. திருநெல்வேலியில் சவுரி முடி கிடைக்கும், வள்ளிக்குப் பின்னல் வைத்துக் காட்டிவிட்டால் மேடத்துக்கு என்ன தெரியப்போகிறது என்று. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். வள்ளி வாசலில் உட்கார்ந்து காதுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். போனைக் கீழே வைத்தேன்.

உமாராணியைக் கூப்பிட்டு, கறுக்க வைக்க என்னதான் வழி என்று கேட்டேன். அவுரியை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் அது செத்திருக்கும், எலுமிச்சம்பழமும் அதற்கு ஆகாது என்றாள். முதலில் மருதாணி பூசிக் கழுவ வேண்டும். பிறகு அவுரியை வெறும் தண்ணீரில் கலக்கிக் கால் மணி நேரத்துக்குள் பூச வேண்டும். இரண்டு பாக்கெட்காரர்கள் முட்டாள்கள் இல்லை. எட்டு வருஷமாக அவுரியைச் சட்டியில் போட்டுச் சாகடித்துத் தலையில் பூசச் சொல்லியிருக்கிறேன்.

‘இது ஒனக்கு எப்பத் தெரியும்?’ என்றேன். ‘சுரண்டையில கேட்டா யாரும் சொல்லுவாவ அத்தான்’ என்றாள்.

சாயங்காலம் பரீது மில்லுக்குப் போனேன். உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். அன்றைக்கு நின்ற அதே பெண்கள் இன்றைக்கும் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படியாகச் சொன்னேன். ‘நான் பேசுனது தப்பு. லேபுல ஒண்ணுமில்லன்னுட்டான். ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல.’

பரீது மெஷினை நிறுத்தவில்லை. அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது மெஷினை நிறுத்தினார்.

‘தங்கச்சிக்கு எப்பிடி இருக்கு?’

எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் பூசியதையும் சொன்னேன்.

‘காட்டும்’ என்றார்.

‘என்னத்த?’

‘சட்டையக் கழத்தும் ஓய். பதினெட்டு வருசத்துக்கு அதுகூடக் காட்ட மாட்டீரா?’

கழற்றினேன். பரீது என் நெஞ்சைப் பார்த்தார், தன் தாடியைத் தடவிப் பார்த்தார். பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ‘எம் பிள்ளையளப் பத்திப் பேசினீரே அண்ணாச்சி’ என்றார் மெதுவாக. நான் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி சுவிட்சில் கை வைத்தபடி, ‘போடும் சட்டைய. சளி பிடிச்சிக்கிடும்’ என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மேடம் வந்தார். கடைக்குள் வந்ததும் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘சேச்சி எவிட?’

வள்ளியை வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். பின்கட்டிலிருந்து வந்துவிட்டாள். துண்டு இல்லை. வகிடு நெடுக வெள்ளை, அதற்குக் கீழே செத்த கறுப்பு, இரண்டு இடத்தில் சொட்டை, காதில் களிம்பு. வந்து வழக்கமான நாற்காலியில், வழக்கம் போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கடை வாசலில் எட்டு வருஷப் பொய் விரிந்து கிடக்கிறது.

மேடம் என்னைப் பார்த்தார். எப்சிபாவும் என்னைப் பார்த்தாள்.

‘இது எங்க பொடி கறுத்ததில்ல மேடம். டை போட்டது. அதான் இப்பிடி ஆகிப்போச்சு. எங்க பொடி போட்டா செவக்கும். எனக்கே மூணு நாளு முன்னதான் தெரியும்.’

இவ்வளவுதான் சொன்னேன். முப்பது வருஷ வியாபாரத்தில் வாங்க வந்தவரிடம் சரக்கைக் குறைத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மேடம் பாக்கெட்டை மேசையில் வைத்தார். வள்ளியிடம் போய்ப் பக்கத்தில் நின்று காதைப் பார்த்து என்னமோ கேட்டார், அவள் என்னமோ சொன்னாள். காரில் ஏறிப் போய்விட்டார்.

‘என்ன கேட்டா?’

‘வலிக்கான்னு கேட்டாவ.’

‘நீ என்ன சொன்ன?’

‘இப்ப வலிக்கலைன்னேன்.’

ஜூன் 24, செவ்வாய்

ரிசார்ட்டிலிருந்து போன் இல்லை. வராது.

ஜூலை 7, திங்கள்

டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னோம். இந்தத் தடவை வள்ளி பேசினாள், நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதத்துக்குத் தலையில் எதுவும் படக்கூடாது, மருதாணி கூட வேண்டாம் என்றாள். கறுப்பு டை ஆயுசுக்கும் கிடையாது.

வரும் வழியில் சலூனில் சொல்லி வள்ளி முடியைக் கழுத்தளவுக்கு வெட்டச் சொல்லலாமா என்று கேட்டேன். ‘சலூன்லயா? ஒங்களுக்குத்தான் அங்கன வேலையே இல்ல, எனக்கு எதுக்கு?’ என்றாள். ஒரு மாதம் கழித்து முதல் கிண்டல்.

உமாராணி வந்து வெட்டிவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

சிவகாசிப் பிரஸ்காரன் போனில் இரண்டு தடவை கேட்டான். ‘அண்ணாச்சி, எழுத்துப் பிழையா? கறுக்காதுன்னு இருக்கே.’

‘பிழை இல்ல. கறுக்காது, சிவக்கும். பெருசாப் போடு.’

‘யாரு வாங்குவா?’

‘பாப்போம்.’

அவுரியை எடுத்துவிட்டேன். மருதாணி இலை மட்டும். படம் வேண்டாம் என்றாள் வள்ளி. வெறும் இலைதான் படம். இந்தத் தடவையும் பச்சை மாறித்தான் வரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்குக் கூட்டம். அருவியில் தண்ணீர் கூடிப் போலீஸ் குளிக்க விடவில்லை, அதனால் கடைத்தெருவில் ஜனம். விருதுநகரிலிருந்து வந்த ஒரு அம்மா பாக்கெட்டை எடுத்தார். ‘இது போட்டா கறுக்குமா?’

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலியில் இருந்த வள்ளி, கழுத்தளவு முடியும் பாதி வெள்ளையுமாக, ‘கறுக்காதும்மா. செவக்கும். மேலேயே எழுதியிருக்கோம் பாருங்க’ என்றாள்.

அந்த அம்மா வள்ளி தலையைப் பார்த்தார். ‘நீங்க போடலியா?’

‘ஒடம்பு சரியில்லாமப் போச்சு. தை மாசம் போடுவேன்.’

வைத்துவிட்டுப் போனார். எப்சிபா உச்சுக் கொட்டினாள். சாயங்காலம் அதே அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு வாங்கிப் போனார். இன்னும் நான்கு பேர் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வியாபாரம் பழைய அளவுக்கு இல்லை. பாதி இருக்கும். இருக்கட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

வள்ளி சுரண்டை போய்வந்தாள். தங்கையைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று போனாள். பையில் பாக்கெட் எதுவும் இல்லை.

நாலு மணி பஸ்ஸுக்கு நானே ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். இறங்கினாள். துண்டு இல்லை. தலை காய்ந்திருந்தது.